கையில் ஒட்டிய சென்சாரும் காலில் போன நடையும்: 26 நாள் அணிந்து பார்த்ததன் மதிப்பீடு

சர்க்கரை நோய் எனக்கு வந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், வெறும் வயிற்றில் எடுத்த அளவு, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த அளவு, அன்று நடந்த தூரம் ஆகிய மூன்றையும் ஒரு நீள நோட்டில் பத்தி பிரித்து எழுதி வைக்கும் வழக்கம் எனக்கு உண்டு. அந்த நோட்டில் ஒரு கணக்கு மட்டும் நேராகவே இல்லை. ரேஸ்கோர்ஸ் நடைபாதையை நாள் தவறாமல் காலையில் இரண்டு சுற்று, அதாவது ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர், நடந்துவிடுகிறேன். ஆனாலும் மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி 7.8-ஐ விட்டுக் கீழே இறங்கவில்லை. நடந்ததெல்லாம் எந்தக் கணக்கில் போய்ச் சேர்கிறது என்று டாக்டரிடம் கேட்டேன். மாத்திரையைக் கூட்டுவதற்கு முன்னால், சர்க்கரை அளவை இரவு பகலாகத் தொடர்ந்து காட்டும் 14 நாள் சென்சார் ஒன்றைக் கையில் ஒட்டிக்கொண்டு பார்த்துவிடுவோம் என்றார். அப்படி ஆறு மாத இடைவெளியில் இரண்டு சென்சார்களை அணிந்தேன். இரண்டாவது பாதியில் பிய்ந்துவிட்டதால் மொத்தம் 26 நாள்; இந்த மதிப்பீடு அந்த நாட்களைப் பற்றியது. குறிப்பாக, உடற்பயிற்சி செய்கிற சர்க்கரை நோயாளிக்கு அந்தக் கருவி எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதைப் பற்றியது. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் பாதிக்கு மேல் இந்த வகைக் கருவிகள் எல்லாவற்றுக்கும் பொதுவானவை.

பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வெள்ளை வில்லை அது. ரப்பர் முத்திரை குத்துவதைப் போல ஒரு பிடியை மேற்கையின் பின்புறச் சதையில் வைத்து அழுத்தினால், முடி போன்ற மெல்லிய இழை ஒன்று தோலுக்கடியில் சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு இறங்கி நின்றுகொள்கிறது, வில்லை மேலே ஒட்டிக்கொள்கிறது. வலி என்று சொல்ல ஒன்றும் இல்லை. விரல் நுனியில் குத்திக்கொள்வதுதான் இதைவிட வலிக்கும். ஒட்டிய ஒரு மணி நேரத்தில் கைப்பேசியில் எண் வரத் தொடங்குகிறது. குளிக்கலாம், வியர்க்க வியர்க்க நடக்கலாம். எம்ஆர்ஐ எடுக்க நேர்ந்தால் மட்டும் முதலிலேயே கழற்றிவிட வேண்டும் என்று என் பெட்டியில் இருந்த குறிப்பேடு சொல்கிறது.

இதை வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தி, இக்கருவி இரத்தத்தை அளப்பதில்லை என்பதுதான். செல்களுக்கு இடையே நிற்கும் திரவத்தில் உள்ள குளூக்கோஸைத்தான் அது அளக்கிறது. இரத்தம் வாய்க்கால் என்றால் அந்தத் திரவம் வயல். வாய்க்காலில் தண்ணீர் ஏறிய உடனே வயல் நிரம்பிவிடாது, வாய்க்கால் வற்றிய உடனே வயல் காய்ந்துவிடவும் செய்யாது. சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில் இந்த ஐந்து பத்து நிமிடத் தாமதம் ஒரு பொருட்டே இல்லை. உடற்பயிற்சியின்போது சர்க்கரை வேகமாக ஏறவும் இறங்கவும் செய்வதால், அதே தாமதம் பெரிய விஷயமாகிவிடுகிறது. அதை நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் வாரம் எனக்குக் கிடைத்தது அதிர்ச்சி. காலை 5.40-க்கு வீட்டைவிட்டு இறங்கும்போது 121 என்று காட்டிய கருவி, இரண்டு சுற்றையும் முடித்தபோது 143 என்று காட்டியது. வெறும் வயிற்றில், ஒரு வாய் தண்ணீரைத் தவிர எதுவும் உள்ளே போகாத நிலையில், ஐம்பது நிமிட நடைக்குப் பிறகு சர்க்கரை கூடியிருந்தது. ஒருநாள் மட்டும் என்றால் கருவியைக் குறை சொல்லியிருப்பேன். ஏழு நாளில் ஐந்து நாள் இதே கதைதான். டாக்டர் சிரித்தார். விடியற்காலையில் கார்ட்டிசால் முதலிய ஹார்மோன்கள் உடம்பை எழுப்புவதற்காகக் கல்லீரலில் சேர்ந்திருக்கும் குளூக்கோஸை வெளியே விடச் செய்கின்றன. சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் அதை ஈடுகட்டும் அளவுக்கு இன்சுலின் வேலை செய்வதில்லை. விறுவிறுவென்று நடக்கும்போது கல்லீரல் இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கிறது. ஆகவே அந்த 22 புள்ளி ஏற்றத்தைக் கண்டு நடையை நிறுத்திவிடக் கூடாது, அதன் பலன் அந்த நேரத்தில் அல்ல, பின்னால் தெரியும் என்பது அவர் சொன்ன விளக்கம்.

பின்னால் தெரிந்தது பலன் மட்டும் அல்ல. நடந்து முடித்ததும் நாங்கள் நான்கு பேர் வழக்கமாக ஒரு பேக்கரியில் நிற்போம். கோவையில் தெருவுக்கு இரண்டு பேக்கரி இருப்பது இங்கே வந்து போனவர்களுக்குத் தெரியும். சர்க்கரை குறைத்த ஒரு டீ, ஆளுக்குப் பாதியாகப் பிய்த்த ஒரு தேங்காய் பன். பாதிதானே என்று 11 ஆண்டுகளாக நோட்டில் ஏற்றாமல் விட்டிருந்த அந்தப் பன், வரைபடத்தில் 7.30 மணிக்கு 198 என்று நின்றது. காலை உணவுக்கு முன்பாகவே இது. இரண்டு மணி நேரக் கணக்கில் விரல் குத்திப் பார்க்கிறவனின் கண்ணில் இந்த ஏற்றம் பட்டிருக்கவே முடியாது. சென்சாருக்குக் கொடுத்த காசில் பாதி அன்றைக்கே எனக்குத் திரும்பிவிட்டது என்பேன்.

மீதிக் காசு இரவு உணவில் திரும்பியது. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் இரவு எட்டு மணிக்குத் தோசை. மூன்று தோசை, தேங்காய்ச் சட்னி, கொஞ்சம் சாம்பார் என்று அளவை மாற்றாமல் நான்கு இரவுகள் சாப்பிட்டேன். முதல் இரண்டு இரவுகளில் வழக்கம்போலத் தொலைக்காட்சியின் முன்னால் உட்கார்ந்தேன், சர்க்கரை 9.15 வாக்கில் 214, 208 என்று ஏறி, படுக்கப் போகும்போதும் 170-க்குக் கீழே வரவில்லை. அடுத்த இரண்டு இரவுகளில் கை கழுவிய கால் மணி நேரத்தில் மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டியிலிருந்து துணிக்கொடிவரை பதினைந்து நிமிடம் போய்ப்போய் வந்தேன். வேகமான நடைகூட இல்லை, பேசிக்கொண்டே நடக்கக்கூடியது. உச்சம் 166, 159. காலையில் ஐம்பது நிமிடம் வியர்வை சிந்தியும் செய்ய முடியாததை இரவில் செருப்புக் காலோடு பதினைந்து நிமிடத்தில் செய்துவிட்டேன் என்பதை ஒத்துக்கொள்ளவே எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

என் ஒருவனின் நான்கு இரவுகளை வைத்துப் பொதுவிதி எழுதிவிட முடியாது என்பதால் படித்துப் பார்த்தேன். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் இதையே முறைப்படி சோதித்து 2016-இல் வெளியிட்டிருக்கிறார்கள். இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ள 41 பேரை, ஒரு கட்டத்தில் நாளில் ஏதாவது ஒரு வேளை முப்பது நிமிடமும், மற்றொரு கட்டத்தில் மூன்று வேளை உணவுக்குப் பின்னும் பத்துப் பத்து நிமிடமும் நடக்கச் சொன்னார்கள். மொத்த நேரம் ஒன்றுதான். ஆனால் உணவுக்குப் பிந்தைய சர்க்கரை இரண்டாவது முறையில் 12 சதவீதம் குறைவாக இருந்தது. இரவு உணவுக்குப் பின் மட்டும் பார்த்தால் வேறுபாடு 22 சதவீதம். மாவுப்பொருளை மிகுதியாகத் தின்றுவிட்டு அதன் பிறகு அசையாமல் உட்காரும் வேளை இரவுதான் என்பதை அவர்களும் காரணமாகச் சொல்கிறார்கள். அந்த ஊர் உணவுக்கே அப்படி என்றால், மூன்று வேளையும் அரிசியையே இட்லியாகவும் சோறாகவும் தோசையாகவும் உருமாற்றிச் சாப்பிடுகிற நமக்குச் சொல்லவே வேண்டியதில்லை.

உள்ளே நடப்பது இதுதான். இன்சுலின் வந்து கதவைத் தட்டினால்தான் தசைச் செல்லுக்குள் குளூக்கோஸ் போகும் என்று நாம் படித்திருக்கிறோம். சர்க்கரை நோயில் அந்தத் தட்டலுக்குத்தான் கதவு சரியாகத் திறப்பதில்லை. ஆனால் தசை சுருங்கி விரியும்போது, குளூட்-4 என்ற கடத்திப் புரதம் இன்சுலினின் உத்தரவு இல்லாமலேயே செல்லின் மேற்பரப்புக்கு வந்து குளூக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இரத்தத்தில் தோசையின் சர்க்கரை வந்து இறங்கும் அதே நேரத்தில் காலின் பெருந்தசைகள் இந்தப் பக்கக் கதவைத் திறந்து வைத்திருந்தால், மேலே ஏற வேண்டியது ஏறுவதற்கு முன்பே உள்ளே போய்விடுகிறது. பயிற்சி முடிந்த பிறகும் தசை இன்சுலினுக்குக் கூடுதலாகச் செவிசாய்க்கும் நிலை ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை நீடிக்கும். வாரத்துக்கு 150 நிமிடம், அதிலும் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் விடாமல், என்று டாக்டர்கள் சொல்வதில் அந்த இரண்டு நாள் கணக்கு இதிலிருந்து வந்ததுதான். என் காலை நடை வீணாகவில்லை என்பதற்கும் இதுவே பதில்: நான் ஊருக்குப் போய் மூன்று நாள் நடக்காமல் இருந்தபோது, நான்காம் நாள் வரைபடம் முழுவதுமே ஒரு படி மேலே ஏறி நின்றது.

எல்லாப் பயிற்சியும் சர்க்கரையை உடனே இறக்கிவிடாது என்பதையும் கருவி காட்டிற்று. உடற்பயிற்சிக் கூடத்தில் எடை தூக்கிய நாட்களில் 128-இல் தொடங்கியது 171 வரை போயிற்று. மாலை இறகுப் பந்தாட்டத்திலும் முதல் ஆட்டம் முடிவதற்குள் நாற்பது புள்ளி ஏற்றம். தம் பிடித்து, மூச்சு வாங்கச் செய்யும் வேலையில் அட்ரினலின் சுரந்து, தசை எடுத்துக்கொள்வதைவிட அதிகமாகக் கல்லீரல் கொடுத்துவிடுகிறது. ஓரிரு மணி நேரத்தில் தானே இறங்கிவிடும். விரல் குத்திப் பார்க்கும் பழக்கமுள்ள என் நண்பர் ஒருவர் எடைப் பயிற்சி முடித்த கையோடு அளந்து பார்த்து, இது எனக்கு ஆகாது என்று அதை விட்டே விட்டார். தசை கூடினால் குளூக்கோஸ் தங்குவதற்கான இடமும் கூடும் என்பதால், வாரம் இரண்டு மூன்று நாள் எடைப் பயிற்சியும் வேண்டும் என்றுதான் வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. ஒற்றை எண்ணைப் பார்த்து முடிவெடுத்த அவருக்கு, முழு வளைவையும் காட்டும் இக்கருவி உதவியிருக்கும். விழித்திரையில் பாதிப்பு உள்ளவர்கள் மட்டும் தம் பிடித்து எடை தூக்குவதற்கு முன் கண் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி, கருவியை நம்பி நான் ஏமாந்த கதை. இரண்டாவது சென்சாரின் ஆறாம் நாள். மதியம் 12.30-க்குச் சாப்பிட்டுவிட்டு, மாலை 5.30-க்கு வெறும் டீயோடு இறகுப் பந்தாடப் போய், ஆட்டம் சூடு பிடித்ததால் வழக்கமான இரண்டு ஆட்டத்துக்குப் பதில் நான்கு ஆடிவிட்டு வந்தேன். மெட்ஃபார்மினோடு கிளைமிபிரைடு மாத்திரையும் எடுப்பவன் நான். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு நடையால் சர்க்கரை அபாயமாக இறங்குவது அரிது. கணையத்தை நெருக்கி இன்சுலினைச் சுரக்க வைக்கும் கிளைமிபிரைடு வகை மாத்திரைகளோ, இன்சுலின் ஊசியோ எடுப்பவர்களின் நிலை வேறு. வீட்டுக்கு வந்து சட்டைப் பொத்தானைக் கழற்ற முயன்றால் விரல் பொத்தானில் நிற்கவில்லை. கைப்பேசியைப் பார்த்தேன்: 84, பக்கத்தில் கீழ்நோக்கிய அம்பு. 84 நல்ல எண்தானே என்று குளிக்கப் போனேன். என் மனைவிதான் வாசலில் மறித்தார். “என்னங்க, நெத்தியெல்லாம் இப்படி வேர்த்து ஊத்துது? முதல்ல உக்காருங்க.” விரலில் குத்திப் பார்த்தால் 62. எழுபதுக்குக் கீழே என்றாலே தாழ்சர்க்கரை என்பது கணக்கு. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார். தாழ்சர்க்கரைக்குக் கொடுக்கச் சொல்லும் 15 கிராமுக்கு அது ஏறத்தாழச் சரி. பதினைந்து நிமிடம் கழித்து விரலில் 93. அதே நொடியில் சென்சார் காட்டியது 69, கூடவே அபாய ஒலி. நான் தெளிந்த பிறகுதான் கருவி பதறத் தொடங்கியது. அதை நம்பி இன்னொரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் குடித்திருந்தால் இரவு முழுவதும் 250-இல் கிடந்திருப்பேன்.

இதைக் கருவியின் பழுது என்று சொல்ல மாட்டேன். வாய்க்காலும் வயலும்தான். ஆனால் விற்பனை விளம்பரங்களில் ஓடுகிறவர், சைக்கிள் மிதிக்கிறவர் எல்லோரும் கையில் இந்த வில்லையோடு சிரிப்பதைப் பார்க்கிறவருக்கு, விரல் குத்தும் குளூக்கோமீட்டரைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடலாம் என்றுதான் தோன்றும். பூட்டக் கூடாது. பயிற்சியின்போதும் அதற்கடுத்த ஒரு மணி நேரத்திலும் எண்ணைவிட அம்புக்குறியைப் பாருங்கள். உடம்பு ஒன்றும் கருவி ஒன்றும் சொன்னால் விரலில் குத்திப் பாருங்கள். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் பயிற்சிக்கு முன் 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். முதல் வகைச் சர்க்கரை நோயாளிகள் 250-க்கு மேல் இருந்தால், இன்சுலின் போதாதபோது கொழுப்பு எரிந்து உண்டாகும் கீட்டோன் இருக்கிறதா என்று சோதித்துவிட்டே தொடங்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான பொய் ஒன்றும் உண்டு. ஓர் இரவு 2.40-க்கு 54 என்று அலறி வீட்டையே எழுப்பியது. கடுமையான மாலைப் பயிற்சிக்குப் பிறகு நள்ளிரவில் சர்க்கரை இறங்குவது உண்மையிலேயே நடக்கக்கூடியது என்பதால் ஓடிப் போய் விரலில் குத்தினேன்: 113. சென்சார் இருந்த இடக்கையின் மேல் புரண்டு படுத்திருக்கிறேன். அழுத்தத்தில் அந்த இடத்துக்கு வரும் திரவ ஓட்டம் குறைந்து, இல்லாத பள்ளத்தைக் காட்டியிருக்கிறது. நீங்கள் எந்தப் பக்கம் படுப்பீர்களோ அதற்கு எதிர்க் கையில் ஒட்டுங்கள். ஒட்டுவதற்கு முன் இதைச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. மற்ற நேரங்களில், விரலில் எடுத்த அளவோடு 19 முறை ஒப்பிட்டுப் பார்த்ததில், உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பெரும்பாலும் பத்துப் புள்ளிக்குள்தான் வித்தியாசம் இருந்தது. முதல் நாள் மட்டும் இருபதுக்கு மேல் தள்ளி இருந்ததால், அந்த நாளைக் கணக்கிலிருந்து விட்டுவிட்டேன். சில சென்சார்களில் அதிக அளவு வைட்டமின் சி மாத்திரை அளவைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பசை போதாது. சித்திரை வெயிலில் அணிந்த முதல் சென்சார், வியர்வையில் ஒன்பதாம் நாளே ஓரம் தூக்கிவிட்டது. மருந்துக்கடையில் வாங்கிய பிளாஸ்திரியைச் சுற்றி ஒட்டித்தான் 14 நாளை ஒப்பேற்றினேன். இரண்டாவது, பன்னிரண்டாம் நாள் பேருந்துக் கம்பியில் உரசிப் பிய்ந்தே போயிற்று. நுகர்வோர் சேவை எண்ணில் அழைத்தால், உரசிப் பிய்ந்ததற்கு மாற்று தர மாட்டோம் என்றார்கள். அது நியாயம்தான் என்று வைத்துக்கொண்டாலும், அந்த ஒரு பதிலுக்காக 25 நிமிடம் இசை கேட்க வைத்தது நியாயம் இல்லை. செயலியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எழுத்து பெரிதாக இருக்கிறது, வரைபடத்தை டாக்டருக்கு அனுப்ப முடிகிறது. நடந்த நேரத்தைக் குறிக்கும் இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் நடையே முடிந்துவிடும் என்பதால், நான் பழைய நீள நோட்டிலேயே எழுதிக்கொண்டேன்.

விலைக்கு வருகிறேன். ஒரு சென்சாருக்கு ஐயாயிரம் ரூபாயை ஒட்டிக் கொடுத்தேன். இதை ஆண்டு முழுவதும் அணிவதென்றால் 26 சென்சார், 1,30,000 ரூபாய். ஓய்வூதியக்காரன் நினைத்துப் பார்க்கக்கூடிய தொகை அல்ல. மாத்திரையில் இருப்பவர்களுக்கு அதற்குத் தேவையும் இல்லை என்பதே என் முடிவு. ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு போதும். ஆனால் அந்த 14 நாளையும் பரீட்சை நாட்களைப் போலத் திட்டம் போட்டுச் செலவழிக்க வேண்டும். ஒரே உணவை நடந்தும் நடக்காமலும், ஒரே நடையை உணவுக்கு முன்னும் பின்னும் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். வில்லையை ஒட்டிக்கொண்டு வழக்கம்போல் இருந்துவிட்டு, பதினைந்தாம் நாள் வரைபடத்தை டாக்டரின் மேசையில் வைப்பவருக்கு இது வெறும் விலை உயர்ந்த பிளாஸ்திரி. இன்சுலின் போடுகிறவர்களுக்கும், தாழ்சர்க்கரை வந்தால் அறிகுறியே தெரியாதவர்களுக்கும் இந்தச் சிக்கனக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்குத் தாமதத்தோடு வரும் அபாய ஒலிகூட உயிர் காக்கும்.

என் கணக்கில் வந்த மாற்றம் இது. 70 முதல் 180 வரையிலான எல்லைக்குள் இருந்த நேரம் முதல் சென்சாரில் 61 சதவீதம், இரண்டாவதில் 77. பெரும்பாலானவர்களுக்கு இந்த நேரம் 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால் போதும் என்கிறார்கள். இடைப்பட்ட ஆறு மாதத்தில் மாத்திரை மாறவில்லை. காலை நடையை ஒரு சுற்றாகக் குறைத்து, மிச்ச நேரத்தை மூன்று வேளை உணவுக்குப் பின்னும் பிரித்துக் கொடுத்தேன், பன் பேக்கரியிலேயே நின்றுவிட்டது. எச்பிஏ1சி 7.1. சட்டைப் பொத்தான் கதையைக் கேட்ட டாக்டர் கிளைமிபிரைடை 2 மில்லிகிராமிலிருந்து 1 ஆக்கியிருக்கிறார். அந்தக் குறைந்த மாத்திரையோடு நான்கு ஆட்டம் ஆடினால் என்ன ஆகிறது என்று பார்ப்பதற்காக மூன்றாவது சென்சார் வாங்கி வைத்திருக்கிறேன்; இந்த முறை வலக்கையில், பிளாஸ்திரியோடு.